மலை வீட்டில் சோடாக் கெக்: கரியமில வாயு சிலிண்டர் பற்றி வாசகர் கேள்விகள்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் குளிர்பான பாட்டில்களுக்கும் கட்டுப்பாடு வந்த பிறகு, எஃகுக் கெக்கில் (அழுத்தம் தாங்கும், இறுக மூடக்கூடிய கலனில்) வீட்டிலேயே சோடாவும் இஞ்சிப் பானமும் தயாரிப்பது பற்றிய கடிதங்கள் இப்பகுதிக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கெக்கைப் பற்றியவை அல்ல. அதற்குக் கரியமில வாயு ஏற்றும் சிலிண்டரைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: டிசம்பர் இறுதியில் கோவையில் 5 கிலோ கரியமில வாயு சிலிண்டரை நிரப்பி வாங்கினேன். அங்கே ரெகுலேட்டரைப் பூட்டிப் பார்த்தபோது முள் 1,000 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) பக்கம் நின்றது. ஊட்டிக்கு வந்ததும் 800 காட்டியது. ஜனவரியில் ஒருநாள் விடியற்காலையில் பார்த்தால் 500-க்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் இரண்டு கெக் மட்டுமே தயாரித்திருக்கிறேன். கடைக்காரர் பாதி வாயுதான் அடைத்துக் கொடுத்தாரா? — வாசகர், உதகமண்டலம்

பதில்: கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் சிலிண்டரைத் தராசில் ஏற்றிப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் மூன்று எண்களும் வாயு குறைந்ததைச் சொல்லவில்லை. வெப்பநிலை குறைந்ததைத்தான் சொல்கின்றன.

சிலிண்டருக்குள் கரியமில வாயு பெரும்பகுதி திரவமாக இருக்கிறது. அந்தத் திரவத்துக்கு மேலே உள்ள இடத்தில் மட்டும்தான் அது வாயு வடிவில் நிற்கிறது. முள் காட்டுவது அந்த மேற்பகுதியின் அழுத்தத்தை. ஒரு துளி திரவம் இருந்தாலும், நிறைய இருந்தாலும், வெப்பநிலை ஒன்றாக இருக்கும்வரை அந்த அழுத்தமும் ஒன்றுதான். 20 டிகிரி செல்சியஸில் அது ஏறத்தாழ 830 பி.எஸ்.ஐ.; 10 டிகிரியில் 650; 5 டிகிரியில் 570; உறைபனி விழும் விடியலில் 0 டிகிரிக்கு வந்தால் 500. கோவையின் பகல் வெயிலில் நீங்கள் பார்த்த 1,000-மும், ஊட்டியின் பனிக்காலை காட்டிய 500-உம் ஒரே அளவு வாயுவின் இரு முகங்கள். அதே சிலிண்டரைப் பிற்பகல் மூன்று மணிக்கு, வெயில் உறைத்த பிறகு பாருங்கள்; முள் தானாகவே ஏறியிருக்கும்.

திரவம் முழுவதும் தீர்ந்து, வாயு மட்டும் எஞ்சும்போதுதான் முள் உண்மையிலேயே இறங்கத் தொடங்கும். சாதாரண அறை வெப்பத்தில், நிரப்பிய அளவில் ஏறக்குறைய கால் பங்கு மிஞ்சும் கட்டத்தில் அது நடக்கிறது. அதுவரை அசையாமல் நின்றுவிட்டு, அதன்பின் வேகமாக விழும் முள்ளை வைத்துக்கொண்டு எப்போது சிலிண்டரை மாற்றுவது என்று திட்டமிட முடியாது.

தராசு மட்டுமே பொய் சொல்லாது. சிலிண்டரின் தோள்பகுதியில், வால்வுக்குக் கீழே, வெற்று எடை கிலோகிராமில் பொறிக்கப்பட்டிருக்கும். பல தடவை பெயின்ட் அடித்ததில் அது மறைந்திருக்கலாம். ஒரு தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் எழும்பி வரும். உதாரணமாக அங்கே 9.8 என்று இருந்து, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நிறுத்தியபோது தராசு 13.9 காட்டினால், உள்ளே 4.1 கிலோ இருக்கிறது. தனியாகத் தராசு வாங்க வேண்டியதில்லை. பச்சைத் தேயிலை நிறுக்கும் கொக்கித் தராசு உங்கள் பக்கத்தில் யாரிடமாவது கட்டாயம் இருக்கும். அதில் தூக்கிப் பார்த்தாலே போதும். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் நிறுத்து, அந்த எடையைச் சிலிண்டரின் கழுத்தில் ஓர் அட்டை கட்டி எழுதி வையுங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கெக் கொள்ளும் 19 லிட்டர் தண்ணீரை நல்ல காரமான சோடாவாக்க, அதில் கரைய வேண்டிய வாயு ஏறத்தாழ 130 கிராம். அந்தச் சோடாவைக் குழாய் வழியே வெளியே தள்ளி முடிக்கும்போது காலியான கெக்கில் நிரம்பி நிற்கும் வாயு இன்னும் 80, 90 கிராம். கெக்கில் முதலில் இருக்கும் சாதாரணக் காற்றை வெளியேற்றச் சிறிது போகும். ஆக ஒரு கெக்குக்குக் கால் கிலோ. கசிவே இல்லாத வீட்டில் 5 கிலோ சிலிண்டர் சுமார் 20 கெக்குக்கு வர வேண்டும். நீங்கள் இரண்டு கெக் தயாரித்திருக்கிறீர்கள். அரை கிலோ குறைந்திருந்தால் சரி. இரண்டு கிலோ குறைந்திருந்தால், அப்போதும் கடைக்காரரை நினைக்காமல் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் சிலிண்டர் மூன்று வாரத்துக்குள் காலியாகிவிடுகிறது. எங்கேயும் சத்தம் கேட்கவில்லை, வாசனையும் இல்லை. கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? — வாசகி, கோத்தகிரி

பதில்: சமையல் எரிவாயுவில் கசிவு தெரிவதற்காகவே வாசனை சேர்க்கிறார்கள். கரியமில வாயுவில் அப்படி ஒன்றும் இல்லை. எனவே மூக்கை நம்ப முடியாது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து, செடிக்குத் தெளிக்கும் சிறிய பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். வால்வைத் திறந்து, ஒவ்வோர் இணைப்பிலும் தெளித்துவிட்டு, அவசரப்படாமல் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்.

இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் என் வீட்டிலும் இதேபோல் மூன்று வாரத்தில் 5 கிலோ போனது. கெக்கின் மூடியையும் ரப்பர் வளையங்களையும் மாற்றினேன், குழாயை மாற்றினேன், தீரவில்லை. கடைசியில் டார்ச் வெளிச்சத்தில் சிலிண்டர் வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் இடையே உள்ள பெரிய நட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தபோது, அங்கே கடுகளவுக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து திரண்டு, சற்று நேரத்தில் ஒரு திராட்சைக் கொத்துப்போலத் தொங்கின. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த நைலான் வாஷரில் நகத்தால் தொட்டால் மட்டுமே உணரக்கூடிய ஒரு மெல்லிய கீறல். பழைய வாஷரையே மறுபடி மறுபடி இறுக்கியதன் விளைவு அது. அன்று முதல் சிலிண்டரை மாற்றும்போதெல்லாம் புது வாஷர் போடுகிறேன். நட்டின் மரையில் வெள்ளை டேப் சுற்றுவது பயன்தராது. அந்த இணைப்பில் வாயுவைத் தடுப்பது மரை அல்ல, வாஷர்தான்.

சோப்பு நுரையில் சிக்காத கசிவும் உண்டு. அதற்கு, கெக்கைக் கழற்றிவிட்டு, குழாயில் அழுத்தம் ஏற்றி, சிலிண்டர் வால்வை மூடி, ரெகுலேட்டரின் இரண்டு முள்களும் (ஒன்று சிலிண்டர் பக்க அழுத்தத்தையும் மற்றது குழாய்க்குப் போகும் அழுத்தத்தையும் காட்டுவது) நிற்கும் இடத்தை ஸ்கெட்ச் பேனாவால் கண்ணாடியில் குறித்துவிட்டுப் படுக்கப் போங்கள். இரவுக் குளிரில் முள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. காலையில் அது பூஜ்யத்தை நோக்கிச் சரிந்திருந்தால், கசிவு சிலிண்டருக்கும் குழாயின் முனைக்கும் இடையில் இருக்கிறது. சரியவில்லையென்றால் கெக்கில் இருக்கிறது. பெரும்பாலும் மூடியின் பெரிய ரப்பர் வளையத்தில். அந்த வளையம் உள்ளழுத்தத்தால்தான் இறுகி அமர்கிறது. ஆகவே கெக்கை மூடியவுடன் ஒரே வீச்சில் 30 பி.எஸ்.ஐ. கொடுத்து மூடியை உட்கார வைத்துவிட்டு, பிறகு தேவையான அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். கெக்கை இணைத்தபடியே இந்தச் சோதனையைச் செய்தால் ஏமாறுவீர்கள். தண்ணீர் வாயுவை உறிஞ்சுவதாலும் முள் இறங்கும்.

கேள்வி: சென்னையில் இருக்கும் என் மைத்துனர் 4 டிகிரி குளிரில் 20 பி.எஸ்.ஐ. வைத்துச் சோடா தயாரிக்கிறார். நாக்கில் சுறுசுறுவென்று ஏறுகிறது. அதே 20-ஐ நாங்களும் வைக்கிறோம், சப்பென்று இருக்கிறது. குழாயைத் திறந்தால் நுரை மட்டும் பொங்குகிறது. — வாசகர், ஊட்டி லவ்டேல்

பதில்: ஊட்டியில் பருப்பு வேக ஏன் நேரமாகிறதோ, அதே காரணம்தான். கடல்மட்டத்தில் காற்று ஒரு சதுர அங்குலத்தின்மேல் 14.7 பவுண்டு அழுத்துகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் அது சுமார் 11.3 பவுண்டுதான். ரெகுலேட்டரின் முள் உள்ளே இருக்கும் முழு அழுத்தத்தைக் காட்டுவதில்லை. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும் காட்டுகிறது. தண்ணீரில் வாயு கரைவதோ முழு அழுத்தத்தைப் பொறுத்தது. சென்னையின் 20 என்பது உண்மையில் 34.7, உங்கள் 20 என்பது 31.3. அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் முள்ளில் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஊட்டியில் 24 வையுங்கள். கொடைக்கானலிலும் அதற்கு மிக அருகில்தான். குன்னூர், கோத்தகிரி உயரத்தில் 23 போதும்.

இது 4 டிகிரியில் குளிர்ந்த தண்ணீருக்கு. மலைக்குளிரே போதுமென்று ஃபிரிட்ஜ் இல்லாமல் 10 டிகிரித் தண்ணீரில் தயாரித்தால், அதே காரத்துக்கு உங்கள் ஊரில் 32 பி.எஸ்.ஐ. வேண்டியிருக்கும். தண்ணீர் குளிரக் குளிர வாயு கூடுதலாகக் கரையும் என்பதால் முதலில் தண்ணீரைக் குளிர வைத்து, அதன்பின் வாயுவை ஏற்றுவதே சிக்கனம். ஏற்றிவிட்டு ஒரு வாரம் பொறுத்திருங்கள். பொறுமை இல்லாதவர்கள் கெக்கைப் படுக்கவைத்து உருட்டுகிறார்கள். விரைவில் கரையும் என்பது உண்மை, ஆனால் அப்போது தண்ணீர் வாயுக் குழாய் வழியாக ரெகுலேட்டருக்குள் ஏறாமல் இருக்கத் திரும்பா வால்வு ஒன்று குழாயில் கட்டாயம் இருக்க வேண்டும்.

நுரைக்கும் உயரம்தான் காரணம். வெளிக்காற்று மெலிந்திருப்பதால் குழாயை விட்டு வெளியேறும் சோடா அங்கே சட்டென்று வாயுவைக் கக்குகிறது. கெக்கிலிருந்து குழாய்வரை செல்லும் மெல்லிய டியூபைச் சில அடி நீளமாக்குங்கள். வழியிலேயே அழுத்தம் படிப்படியாகக் குறைந்து, டம்ளரில் அமைதியாக விழும். இன்னொன்று: சோடா தொடும் எந்த இடத்திலும் செம்பு, பித்தளை இருக்கக் கூடாது. சோடா அமிலத்தன்மை உள்ளது. செம்பை அரித்துக் குடிப்பவர் வயிற்றில் சேர்க்கும். எஃகும் உணவுத்தர டியூபும் மட்டுமே பயன்படுத்துங்கள்.

கேள்வி: சிலிண்டரையும் கெக் வைத்த ஃபிரிட்ஜையும் படுக்கையறையை ஒட்டிய சிறிய சாமான் அறையில் வைத்திருக்கிறோம். குளிருக்காக அதன் ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். இரண்டு அறைக்கும் நடுவே கதவு இல்லை, திரைதான். ஆபத்து உண்டா? — வாசகி, கொடைக்கானல்

பதில்: உண்டு. இந்த இதழ் கைக்குக் கிடைத்த அன்றே சிலிண்டரை அங்கிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து, தாழ்வான இடத்தில் தேங்கும். உங்கள் வீட்டில் தரையை ஒட்டிப் பாய் விரித்துப் படுக்கும் குழந்தையின் மூக்கு இருக்கும் உயரம் அது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் வாயு கூடுதலாக விரிகிறது: ஒரு கிலோ, கீழே சமவெளியில் 565 லிட்டர் ஆகுமென்றால், உங்கள் ஊரில் 700 லிட்டருக்கு அருகில். 5 கிலோ முழுவதும் கசிந்தால் ஏறத்தாழ 3,500 லிட்டர். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பதடி உயர அறையின் மொத்தக் கொள்ளளவே சுமார் 25,500 லிட்டர்தான். ஆக அறைக் காற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கரியமில வாயு.

நாம் அன்றாடம் சுவாசிக்கும் காற்றில் அது 0.04 சதவீதம். எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்துக்கு ஏற்கப்பட்ட உச்ச வரம்பு 0.5 சதவீதம். 3 சதவீதத்தில் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். 7 முதல் 10 சதவீதத்தில் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நினைவு தப்பும். அதற்கு மேல் உயிருக்கே ஆபத்து. ஆக்சிஜன் குறைவதால் மட்டும் வரும் கேடு அல்ல இது. கரியமில வாயு தன்னளவிலேயே உடலைத் தாக்குகிறது. 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரியிலிருந்து இரவில் வெளிப்பட்ட இதே வாயு, பள்ளத்தாக்குகளில் இறங்கித் தேங்கி, 1,700-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. அவர்களில் பலர் தூக்கத்தில் இருந்தவர்கள்.

சிலிண்டரை வெளிச் சுவரையொட்டி, மழை படாத தாழ்வாரத்தில், நிமிர்ந்த நிலையில் சங்கிலியால் கட்டி வையுங்கள்; சுவரில் துளையிட்டு மெல்லிய வாயுக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், யாரும் படுக்காத, தரையை ஒட்டிக் காற்றுத் துவாரம் உள்ள அறையில் வையுங்கள். மேலே ஜன்னல் திறந்திருப்பது மட்டும் போதாது. கனமான வாயு வெளியேற வழி கீழே வேண்டும். கரியமில வாயுவை அளந்து ஒலி எழுப்பும் கருவி கிடைக்கிறது. அதை முழங்கால் உயரத்தில் பொருத்துங்கள். வாங்கும்போது பெயரைச் சரியாகப் படியுங்கள். குளிர்காயும் கரிக்கணப்பிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. அது வேறு வாயு. அதற்கான கருவி இதைக் கண்டுபிடிக்காது, இதற்கான கருவி அதைக் கண்டுபிடிக்காது. மூடிய அறையில் கரிக்கணப்பு வைத்துத் தூங்குவதை இந்தச் சந்தர்ப்பத்திலேயே நிறுத்திவிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் சோடா குடித்தாற்போல ஒரு புளிப்பும் குறுகுறுப்பும் தெரிந்தால், வால்வை மூடிவிடலாம் என்று உள்ளே போகாதீர்கள். வெளியே வந்து, கதவுகளைத் திறந்து வைத்து, காற்று மாறும்வரை காத்திருங்கள். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் 108-க்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் உடனே சொல்லுங்கள். இழுத்துவர ஓடுகிறவரும் அதே தரையில் விழுந்துவிடும் அபாயம் உண்டு.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பிய மகன், அங்கே பீர் தயாரிக்கப் பயன்படுத்திய கெக், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கொண்டுவந்திருக்கிறான். இங்கும் வீட்டுத் தேவைக்கு மட்டும் பீர் தயாரிக்கலாமா? ரெகுலேட்டர் நம் சிலிண்டருக்குப் பொருந்துமா? — வாசகர், குன்னூர்

பதில்: தயாரிக்கக் கூடாது. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இன்றி மது தயாரிப்பது குற்றம். கெக்கைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அந்த வகைக் கெக் முதலில் குளிர்பானச் சாற்றுக்காகவே செய்யப்பட்டது. ரப்பர் வளையங்களை மட்டும் புதிதாக மாற்றிவிடுங்கள், பழைய வாசனை அவற்றில் ஊறியிருக்கும். இஞ்சிப் பானத்தைச் சர்க்கரையோடு பல நாள் வெளியே விட்டுவைக்க வேண்டாம். புளித்து அழுத்தம் ஏறும், மதுவும் உண்டாகும்.

அமெரிக்க ரெகுலேட்டரின் நட்டு நம் ஊர்ச் சிலிண்டர் வால்வின் மரையோடு சேராது. பட்டறையில் இடைத்துண்டு கடைந்து பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆயிரம் பி.எஸ்.ஐ. நிற்கும் இடத்தில் அந்த வேலை வேண்டாம். இங்கே விற்கும் கரியமில வாயு ரெகுலேட்டரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய தீயணைப்புக் கருவியின் சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறது. பயன்படுத்தலாமா? — வாசகர், கூடலூர்

பதில்: வேண்டாம். அதனுள்ளே அடிவரை ஒரு குழாய் இறங்குகிறது. வால்வைத் திறந்தால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளிவந்து ரெகுலேட்டரைப் பாழாக்கும். உள்ளே நிரப்பியதும் உணவுத்தர வாயு அல்ல. வெல்டிங்குக்கு நிரப்பும் வாயுவுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: சிலிண்டரை நிரப்ப மேட்டுப்பாளையம் வரை போய்வர வேண்டியிருக்கிறது. எப்படிக் கொண்டுவருவது? பைக்கில் கட்டிக்கொண்டு வரலாமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்? — வாசகர், அரவேணு

பதில்: இரு சக்கர வாகனத்தில் வாயு சிலிண்டரைக் கொண்டுசெல்வதை 2016-ஆம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகள் தடை செய்கின்றன. பேருந்திலும் ஏற்றாதீர்கள். ஜீப் அல்லது பிக்கப் வண்டியின் திறந்த பின்பகுதியே நல்லது. வால்வு மூடியைத் திருகிப் பூட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் உருளாதபடி கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். காரில்தான் வர வேண்டுமென்றால், குளிரினாலோ மழையினாலோ கண்ணாடியை முழுக்க ஏற்றிவிடாமல் வழிநெடுகத் திறந்தே வையுங்கள்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாக நிற்பதில்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் சிலிண்டருக்குள் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். அளவுக்கு மீறி நிரப்பியிருந்தால் வால்வில் உள்ள பாதுகாப்புத் தகடு கிழிந்து வாயு முழுவதும் ஒரே மூச்சில் வெளியேறும். ஏப்ரல் மாதத்தில் மேட்டுப்பாளையத்தில் சிலிண்டரைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவது அதற்கு வழிவிடுவதாகும். கடையை விட்டுக் கிளம்புமுன் அங்கேயே நிறுத்துப் பாருங்கள். வெற்று எடையைக் கழித்தால் 5 கிலோவுக்குக் குறைந்தாலும் கேளுங்கள், கூடினாலும் கேளுங்கள். கூடுதலாகக் கொடுத்தாரே என்று மகிழ்ந்து ஏற்றிக்கொண்டு வராதீர்கள்.

உங்கள் சிலிண்டருக்குப் பதிலாக நிரப்பி வைத்த வேறொன்றைக் கொடுத்தால், தோளில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை நடந்திருக்க வேண்டும். தேதி கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள். உணவுத்தர வாயுவா என்று கேட்டு, ரசீதிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உடனே ரெகுலேட்டரைப் பூட்ட வேண்டாம். வழியில் சிலிண்டர் படுத்துக் கிடந்திருக்கும். ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்து, திரவம் கீழே தங்கிய பிறகு புது வாஷர் போட்டுப் பூட்டுங்கள். தொடர்ந்து அதிகமாக வாயு எடுக்கும்போது ரெகுலேட்டரின்மேல் வெள்ளையாகப் பனி படிந்தால், வால்வை மூடிவிட்டுக் கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். வெந்நீர் ஊற்றுவதும், அடுப்பருகே கொண்டுபோவதும் கூடாது.